அண்ணன் கட்டிய பிசின்

என் அண்ணன் பிரான்சைப் பார்த்ததில்லை. பிரான்சிலிருந்து வந்த ஒரு கலர் போட்டோவைப் பார்த்திருந்தார். அதுவே போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

போட்டோவை அனுப்பியவர் எங்கள் சித்தப்பா மகன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர். போட்டோவில் அவருடைய பிள்ளைகள் இரண்டும் ஒரு நீலத் தொட்டிக்குள் நின்றுகொண்டு பல்லைக் காட்டின. ஓரத்தில் ஒரு சறுக்குமேடை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. பின்பக்கத்தில், 'எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிசின்' என்று எழுதியிருந்தார். பிரெஞ்சில் நீச்சல் குளத்துக்கு அதுதான் பெயராம். எங்கள் பாகூர்ப் பக்கத்தில் பிசின் என்றால் வேலமரத்தில் வடிவது, கிழிந்த புத்தகத்தை ஒட்டுவது. அண்ணன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "நம்ம நெலத்துல ஒரு பிசின் கட்டப் போறன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பிசினை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் பத்து காணி கரும்பு வைத்திருப்பவர் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று எல்லோரும் "நல்லதுங்க" என்றார்களாம்.

சிமெண்டுக்கு பர்மிட் வாங்க வேண்டியிருந்த காலம் அது. அண்ணன் மாட்டுக்கொட்டகைக்குத் தரை போடுவதாக எழுதிக் கொடுத்து வாங்கினார். மாடுகள் பழையபடி மண் தரையிலேயே படுத்திருந்தன. அவற்றிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

கட்டியவர் உள்ளூர்க் கொத்தனார். அதுவரை களமும் வாய்க்கால் மதகும் தவிர வேறெதுவும் கட்டாதவர். போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஆழம் எவ்வளவுன்னு தெரியலியே" என்றாராம். நியாயமான கேள்வி. "ஒரு பக்கம் முழங்கால், ஒரு பக்கம் ஓராள்" என்று அண்ணன் நின்ற இடத்திலேயே முடிவு செய்தார். சறுக்குமேடை எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு, போட்டோவில் இருக்கிற மாதிரியே வலப்பக்கம் என்றார். வலப்பக்கம்தான் ஓராள் ஆழம் என்பது வேலை முடிந்த பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. பட்ட பிறகும், "போட்டோல அப்படித்தான இருக்குது" என்று விட்டுவிட்டார்.

இப்படியாக, கரும்பு வயலுக்கு நடுவில், பம்புசெட்டுக் குழாய்க்கு அடியில், பதினைந்தடி நீளத்துக்கு ஒரு பிரான்ஸ் உருவானது. சுண்ணாம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து உள்பக்கம் முழுக்க அடித்தார்கள். போட்டோவின் நிறம் அப்படியே வந்துவிட்டதாகக் கேள்வி.

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். "புள்ளைங்கள இட்டுகினு வா. புள்ளைங்களுக்காகத்தான் கட்டினன்."

வில்லியனூரில் என் வீட்டுக்காரருக்கு உரக்கடை. யூரியா மூட்டைகளுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். அண்ணன் சொல்லி அனுப்பியதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். சிறுவயதில் சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் கரை புரண்டு ஓடியபோது அக்கரைக்கு நீந்திப் போனவர் அவர். கல்யாணமான முதல் வருஷம் இதை என்னிடம் சொன்னபோது தண்ணீர் இடுப்பளவு ஓடியது. பெரியவள் பிறந்தபோது கழுத்தளவு ஆனது. சின்னவன் பிறந்த பிறகு அதில் ஒரு தென்னைமரமும் ஒரு செத்த எருமையும் அடித்துக்கொண்டு வர ஆரம்பித்தன. ஒவ்வொரு தடவையும் நான் "அப்படியா" என்று கேட்டேன். பத்து வருஷமாக ஒரே ஆச்சரியத்தோடு.

"நீச்சல் தெரிஞ்சவன் கூட இருந்தா புள்ளைங்களுக்குப் பயமே கிடையாது" என்றார் அவர். "ஒனக்கு வேணா சொல்லித் தரன். ஆனா பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். மூச்சு பத்தாது."

எனக்கு மூச்சு எவ்வளவு பத்தும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு எட்டு வயது இருக்கும்போது எங்கப்பா அண்ணனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க முடிவு செய்தார். வயல் கிணற்றில், இடுப்பில் கயிறு கட்டி இறக்கி, தினமும் காலையில் அரை மணி நேரம். அண்ணன் அந்த அரை மணி நேரமும் அலறுவார். நான் கிணற்றுப் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். கையை எப்படி வீச வேண்டும், காலை எப்படி உதைக்க வேண்டும் என்று அப்பா அண்ணனுக்குச் சொன்னதெல்லாம் அவரைவிட எனக்கு நன்றாகப் புரிந்தது. பத்தாவது நாள் நானே குதித்துவிட்டேன். அப்பா திட்டினார், அப்புறம் சிரித்தார், அப்புறம் விட்டுவிட்டார். நான்கு வருஷம் அந்தக் கிணறு என்னுடையதாக இருந்தது. மேலேயிருந்து தலைகீழாகக் குதித்து, அடியிலிருந்து மண் எடுத்து வருவேன். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் வயிறு வலிக்கிறது என்றேன். அதோடு கிணறு முடிந்தது. அப்புறம் நான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால்கூட, "பொட்டப்புள்ள அங்க இன்னா வேல?" என்று கேட்க வீட்டில் ஆள் இருந்தது.

பெண் பார்க்க வந்தவர்கள் எனக்கு என்னென்ன தெரியும் என்று விசாரித்தார்கள். வடகம் போடத் தெரியுமா, கூடை பின்னத் தெரியுமா, கணக்கு எழுதத் தெரியுமா. கிணற்றடியிலிருந்து மண் எடுக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றும் கழுத்துச் சங்கிலி இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். வீட்டுக்காரர் லாரி டியூப் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி, வில்லியனூரிலேயே சைக்கிள் கடையில் காற்றடித்து வைத்திருந்தார். "அங்க பம்பு இருக்குமோ இருக்காதோ" என்றார். பாகூரிலும் சைக்கிள் ஓடுகிறது, அதற்கும் காற்றுத்தான் அடிக்கிறார்கள் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. ஆளுயர டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

கண்டக்டர் டியூப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது இன்னாங்க?"

"டியூப்பு."

"அது தெரியுது. காத்தப் புடுங்கிட்டு எடுத்தாந்தா இன்னா?"

"குளிக்கப் போறம்."

"பஸ்லியா?"

பஸ் முழுக்கச் சிரித்தது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மானம் மரியாதை புரிய ஆரம்பித்த வயது. அவள் எனக்கும் ஜன்னலுக்கும் நடுவில் புகுந்து, எங்கள் யாரையும் தெரியாதவள் போல வெளியே பார்த்தாள். சின்னவனுக்கு ஆறு வயது. அவன் டியூப்புக்குள் தலையை விட்டு, "எங்கப்பாவுக்கு நீச்சல் தெரியும்" என்று கண்டக்டரிடம் சொன்னான். கடைசியில் டியூப் பஸ்ஸின் கூரைக்குப் போனது. பாகூரில் இறக்கும்போது, யாரோ அதன் நடுவில் கோழிக்கூடையை வைத்துக்கொண்டு வந்திருப்பது வாசனையிலேயே தெரிந்தது.

அண்ணன் எங்களை நேராக வயலுக்கே அழைத்துப் போனார். வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க விடவில்லை. கரும்புக்கு நடுவே வரப்பில் வரிசையாக நடந்தோம். முன்னால் அண்ணன், பின்னால் டியூப்.

தொட்டி நீலமாகத்தான் இருந்தது. உள்ளே ஒரு விரல்கடை தண்ணீரும் நான்கு தவளைகளும் இருந்தன.

"கரண்ட்டு இல்ல. வந்துடும்" என்றார் அண்ணன். "அதுக்குள்ள சட்டதிட்டத்த சொல்லிடறன். சோப்பு போடக் கூடாது. தொட்டியில எச்சி துப்பக் கூடாது. சறுக்குல ஒவ்வொருத்தராத்தான் போவணும்."

தவளைகள் நான்கும் கவனமாகக் கேட்டன.

அண்ணனுக்கு ஒரே மகள். அவளுக்குப் பதின்மூன்று வயது. போன வருஷம்தான் அவளுக்குச் சடங்கு சுற்றினோம், நான் சீர்வரிசை எடுத்து வந்தேன். பாவாடை தாவணியில் மோட்டார் கொட்டாயின் வாசலில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கரண்ட் வந்தால் பச்சைப் பித்தானை அமுக்க வேண்டும், தொட்டி நிரம்பினால் சிவப்பு. அதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

"நீ எறங்கலியாடி?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்வதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "வயசுக்கு வந்த பொண்ணு, தெறந்த வெளியில தண்ணியில எறங்குவாளா? நல்லா கேட்ட போ."

"புள்ளைங்களுக்காகக் கட்டினதுன்னாரே அண்ணன்?"

"அவ இப்ப புள்ளயா?" என்றாள் அண்ணி.

ஆக, ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்காகக் கட்டிய தொட்டியில் அந்த ஒரு பிள்ளை இறங்கக் கூடாது. போட்டோவில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

பதினோரு மணி வாக்கில் கொட்டாயில் பல்பு எரிந்தது. அண்ணன் மகள் பச்சையை அமுக்கினாள். மோட்டார் உறுமியது. குழாய் முதலில் காற்றை விட்டது, அப்புறம் இருமியது, அப்புறம் ஒரு வாளி செம்மண் குழம்பைக் கக்கியது. அதற்குப் பிறகுதான் வந்தது தண்ணீர். தொடை தடிமனுக்கு, வெள்ளை வெளேரென்று, நீலச் சுவரில் அறைந்தது. என் பிள்ளைகள் இரண்டும் கத்திக்கொண்டு அடியில் ஓடின. சின்னவனைத் தண்ணீர் குப்புறத் தள்ளியது. எழுந்து வந்தான், மறுபடி தள்ளியது. மறுபடி எழுந்து வந்தான். அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தண்ணீரையும் தானே கண்டுபிடித்த மாதிரி நின்றார்.

என் வீட்டுக்காரர் கொட்டாய்க்குப் பின்னால் போய், புதிதாக வாங்கிய கட்டம் போட்ட அரைக்கால் டிராயரோடு வந்தார். உரக்கடை வியாபாரிக்கு முழங்காலுக்கு மேலே வெயிலே பட்டதில்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் கணுக்கால் அளவு இருக்கும்போதே டியூப்பைப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். தரையோடு இருந்தவரைத் தண்ணீர் மெல்ல மெல்லத் தூக்கியது. ஒரு மணி நேரத்தில் ஆழப் பக்கத்துக்கு நடுவில், பாதம் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக மிதந்துகொண்டிருந்தார். கையை லேசாகத் துழாவினால் டியூப் ஒரு சுற்று சுற்றியது.

"தண்ணியக் கண்டு பயப்படக் கூடாது" என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார். "தண்ணி நம்மளத் தூக்கும். நாமதான் நம்பணும்."

"நீங்க டியூப்ப வுட்டு எறங்கிக் காட்டுங்கப்பா" என்றாள் மகள்.

"மொதல்ல ஒடம்பு தண்ணிக்குப் பழகணும்."

நான் கரையில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைப் பார்க்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் வயிற்றெரிச்சல். இருபது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது, ஆனாலும் என் உள்ளங்கால் அரித்தது.

சறுக்குமேடையில் பிரச்சினை வந்தது. கொத்தனார் அதைக் களம் பூசுகிற மாதிரியே சொரசொரப்பாகப் பூசியிருந்தார். களத்தில் நெல் வழுக்காமல் இருக்க அது நல்லது. சின்னவன் மேலே ஏறி உட்கார்ந்தான், நகரவில்லை. முக்கி முனகித் தள்ளித் தள்ளிப் பாதி வந்தபோது டிராயரின் பின்பக்கம் கிழிந்து போய்விட்டது. இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"நல்லா தேச்சி வுடணும். போகப் போக வழவழன்னு ஆயிடும்" என்றார் அண்ணன். யாருடைய பின்பக்கத்தால் தேய்ப்பது என்று சொல்லவில்லை.

வழி கண்டுபிடித்தவள் என் மகள். கொட்டாய் மூலையில் கிடந்த காலி யூரியா சாக்கை எடுத்து வந்தாள். எங்கள் கடையிலிருந்து போன சாக்குதான். உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்துச் சறுக்கின் மேலே விரித்தாள். "இதுல ஒக்காருடா" என்றாள்.

நான் எழுந்தேன். "வேணாம், அந்தப் பக்கம் ஆழம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் கிளம்பிவிட்டான்.

சொரசொரப்பான சிமெண்டில் நனைந்த பிளாஸ்டிக் அப்படிப் பறக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. என் மகன் சாக்கோடு வில்லிலிருந்து விட்ட அம்பு மாதிரி வந்து, நேராக அவனுடைய அப்பாவின் மேல் மோதினான். டியூப் கவிழ்ந்தது. கட்டம் போட்ட டிராயரும் இரண்டு வெள்ளைப் பாதங்களும் மேலே தெரிந்தன. அப்புறம் டியூப் மட்டும் தெரிந்தது. சாக்கு மெதுவாக ஒரு பக்கமாக மிதந்து போனது. அவனைக் காணவில்லை.

"கைய அடிங்க மாப்ளே! கைய அடிங்க!" என்று அண்ணன் கத்தினார். கத்திக்கொண்டே கையில் கட்டியிருந்த வாட்சைக் கழற்ற ஆரம்பித்தார். வாட்சின் வார் சிக்கிக்கொண்டது.

நான் யோசித்ததாக நினைவில்லை. புளியோதரை கையில் இருந்தது, அப்புறம் இல்லை. புடவையைத் தூக்கிச் செருகினேனா என்பதும் தெரியாது. தண்ணீர் காதை அடைத்ததும்தான் உள்ளே இருக்கிறேன் என்று தெரிந்தது. அடியில் எல்லாம் நீலமாக, கலங்கலாக இருந்தது. குழாயிலிருந்து விழும் தண்ணீர் நுரையாகக் கிளம்பி எதையும் பார்க்க விடவில்லை. திடீரென்று அந்த நுரை நின்றது. கொட்டாயில் அண்ணன் மகள் சிவப்பை அமுக்கியிருக்கிறாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. தண்ணீர் தெளிய, மூலையில் சின்னவனின் தலைமுடி தெரிந்தது. கிழிந்த டிராயரைப் பிடித்து இழுத்து, இடுப்போடு அணைத்து மேலே வந்தேன். தொட்டிப் படியில் நின்ற என் மகள் அவன் கையைப் பற்றி இழுத்துப் போட்டாள். ஒரு வாய்த் தண்ணீரைக் கக்கிவிட்டு, ஊர் கேட்க அழுதான். அதைவிட நல்ல சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மறுபடி உள்ளே போனேன். வீட்டுக்காரரின் கால்கள் டியூப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. டியூப் மேலே தூக்க, தலை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் நம்மைத் தூக்கும் என்று அவர் சொன்னது சரிதான், எந்த முனையைத் தூக்கும் என்பதைத்தான் சொல்லவில்லை. என் கை பட்டதும் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பத்து வருஷத்தில் அவ்வளவு ஆசையாக அவர் என்னைக் கட்டிக்கொண்டதே இல்லை. கையை உதறிவிட்டு, பின்பக்கமாகப் போய், தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, டியூப்பிலிருந்து காலை உருவி, படிக்கு இழுத்து வந்தேன்.

அவர் படியில் குப்புறப் படுத்து இருமினார். நெடுநேரம் இருமினார். பேச்சு வந்ததும் முதலில் கேட்டது: "டியூப்பு பஞ்சராயிடுச்சா பாரு."

அப்புறம்தான் சின்னவன் எங்கே என்று தேடி, அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.  நான் கழுத்தளவு தண்ணீரில் படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

"நீ எப்போடி நீச்சல் கத்துகின?" என்று அண்ணிதான் கேட்டாள்.

"நான்தான் கத்துக் குடுத்தன்" என்றார் அண்ணன். வாட்ச் இன்னும் கையில்தான் இருந்தது. "சின்ன வயசுல. வயக் கெணத்துல. எவ்வளவு பயப்படுவா தெரியுமா? அப்படியே அலறுவா."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கரும்பைப் பார்த்தார்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பத்து வருஷமா எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கலியே."

"ஆத்துக் கதய நான் சொல்லும்போதெல்லாம் சும்மா கேட்டுகினு இருந்தியே."

"கேக்க நல்லாதான இருந்துச்சு. எரும வரைக்கும் வந்துட்டீங்க. அடுத்த வருஷம் இன்னா வரும்னு பாக்கலாம்னு இருந்தன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமலும் வந்தது. மகனின் தலையைத் துவட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்கப்பா தோள்ல ஒக்காந்துகினுதான் ஆத்தத் தாண்டினன். தண்ணி அவருக்கு முட்டிக்குக் கீழதான் இருந்துச்சு."

இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன கதைகளிலேயே எனக்கு அதுதான் பிடித்தது.

"சரி, எல்லாம் மேல ஏறுங்க. போதும்" என்றார் அண்ணன். தொட்டியின் மேல் அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது போலிருந்தது. "நீயும் ஏறு. ஈரப் பொடவயோட எவ்வளவு நேரம் நிப்ப?"

எனக்கு ஏற மனம் வரவில்லை. நனைய வேண்டியதெல்லாம் நனைந்தாகிவிட்டது. கொட்டாய் வாசலில் நின்றிருந்த அண்ணன் மகளைப் பார்த்தேன். அவள் கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இன்னும் பித்தான் பக்கத்திலேயே இருந்தது.

"நீ வாடி" என்றேன்.

"அது எப்படி?" என்றாள் அண்ணி.

"அண்ணி, மோட்டார அவ நிறுத்தலன்னா எனக்கு உள்ள கண்ணு தெரிஞ்சிருக்காது. இங்க இருந்த எல்லாரும் கத்தினோம். வேல செஞ்சவ அவ ஒருத்திதான். அவளுக்கு நீச்சல் சொல்லித் தராம நான் ஊருக்குப் போறதா இல்ல."

"ஆம்பளைங்க இருக்காங்க" என்று அண்ணி குரலைத் தாழ்த்தினாள். ஆம்பளைங்க என்றால் அவளுடைய புருஷனும் என்னுடைய புருஷனும். ஒருவர் அந்தப் பெண்ணின் அப்பா. மற்றவர் அப்போது ஒரு துண்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். பேச்சு ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தது. அப்போது என் வீட்டுக்காரர் எழுந்தார். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "மச்சான், தெக்கால கரும்புல தோகை மஞ்சளா தெரியுதே. இன்னா ஒரம் போட்டீங்க?"

அண்ணனால் தாங்க முடியாத ஒன்று உண்டென்றால், அவர் கரும்பை யாராவது மஞ்சள் என்று சொல்வது. "எங்க மஞ்சளா இருக்குது? வாங்க, காட்டறன்" என்று வரப்பில் இறங்கினார். வீட்டுக்காரர் சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கரும்பு பச்சைப் பசேலென்று இருந்தது என்பது உரக்கடைக்காரருக்குத் தெரியாதா என்ன. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம், ஒவ்வொரு தோகையாகப் பார்த்து, அவர் அண்ணனைத் திரும்பி வர விடவில்லை.

அண்ணன் மகள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் பக்கத்தில் இறங்கினாள். முதலில் அசையாமல் நின்றாள். அப்புறம் தண்ணீரை உள்ளங்கையால் மெதுவாக அடித்துப் பார்த்தாள். தினமும் அவளே நிரப்புகிற தண்ணீர், அன்றைக்குத்தான் தொட்டுப் பார்க்கிறாள். ஒரு கையால் அவள் தாடையையும் ஒரு கையால் வயிற்றையும் தாங்கி, காலை உதைக்கச் சொன்னேன். அந்தப் பக்கம் என் மகள் யாரும் சொல்லாமலே உதைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் முழங்கையெல்லாம் சுவரின் நீலம் ஒட்டிக்கொண்டது. அண்ணி கையைக் கட்டிக்கொண்டு, நான்கு திசையிலும் யாராவது வருகிறார்களா என்று காவல் காத்தாள். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. காக்கைகூட வரவில்லை.

வில்லியனூரில் என் வீட்டுக்காரர் அடுத்த நாளே கடையில் கதையை ஆரம்பித்துவிட்டார். முதல் வாரம் உள்ளதை உள்ளபடியே சொன்னார்: "எங்க வூட்டம்மா இல்லன்னா நானும் என் புள்ளயும் இல்ல." ஆடிப் பட்டத்துக்கு உரம் வாங்க ஆட்கள் வந்தபோது, அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிள்ளையைத் தூக்கினோம். பொங்கலுக்குள் தொட்டி ஏரியாகிவிட்டது. நான் திருத்தவில்லை. மனிதர் உயிரோடு இருந்துதானே சொல்கிறார்.

நாங்கள் திரும்பி வந்த பத்தாவது நாளே அண்ணனிடமிருந்து சேதி வந்திருந்தது. மோட்டார் காயில் எரிந்து போய்விட்டது, சரியாக ரெண்டு மாசம் ஆகும், அதுவரை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வர வேண்டாம் என்று. காயில் எரிந்தால் கரும்பும் காயுமே, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வரப்பில் நடக்கும்போதே மோட்டார் சத்தம் கேட்டது. எரிந்து போன காயிலுக்கு நல்ல உறுமல்தான். தொட்டியில் அண்ணன் மகள் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருந்தாள். எங்களைப் பார்த்ததும் காலை உதைத்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு, தொட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தாள். அழகு என்று சொல்ல முடியாது. நாய் நீந்துகிற மாதிரி இருந்தது. ஆனால் முழுகவில்லை. அண்ணி படியில் உட்கார்ந்து, முழங்கால் வரை காலைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலை எடுக்கப் போனவள், எடுக்கவில்லை.

"அவரு டவுனுக்குப் போயிருக்காரு" என்றாள். "காயில் விஷயமா."

நாங்களும் இறங்கினோம். கொஞ்ச நேரம் கழித்து அண்ணி இன்னொரு படி இறங்கினாள், அப்புறம் இன்னொன்று. இடுப்பளவு வந்ததும் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டு, யாரையோ திட்டுகிற குரலில், "கால எப்படி அடிக்கணும்? சொல்லித் தொலை" என்றாள்.

சொல்லிக்கொண்டிருந்தபோது கரும்புக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் கேட்டது. அண்ணன் வந்துவிட்டார். நேராக வர முடியாது. வீட்டுப் பெண்கள் எல்லோரும் தண்ணீரில் இருக்கிறோம், அவர் வகுத்த மரியாதை அவரையே வரப்பில் நிறுத்திவிட்டது. இருமினால் நாங்கள் எழுந்து போவோம் என்பது கணக்கு. முதலில் மெதுவாக இருமினார். அப்புறம் பலமாக. அப்புறம் செருமினார், துப்பினார், மாட்டை அதட்டினார். பக்கத்தில் மாடே இல்லை.

"ஏறிடலாமா?" என்று அண்ணி கேட்டாள்.

"கால நீட்டி அடிங்க அண்ணி. முட்டிய மடக்காதீங்க" என்றேன்.

அவர் இன்னும் அரை மணி நேரம் இருமினார்.